முந்தானை பாக்கி

ஆரணியில் சாவித்திரி சிஸ்டரைத் தெரியாதவர் ஊருக்குப் புதுசாகத்தான் இருக்க வேண்டும். ஊசி போடும்போது வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டாள். "வலிக்கும், பொறுத்துக்கோ" என்பாள்.

அவள் அப்பா கந்தசாமி பட்டு நெசவாளி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். வேலூரில் நர்ஸ் படித்துவிட்டு உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சாவித்திரிக்கு வளைகுடா மேல் ஒரு கண். எண்பத்தொன்றில் மணவாளன் என்ற ஏஜென்ட் வந்து சேர்ந்தார். முதலில் சென்ட் வாசனை வரும், அப்புறம்தான் ஆள் வருவார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. என் பேச்சை யார் கேட்டார்கள்?

"பெரிய ஆஸ்பத்திரிம்மா. என் பொண்ணு தேவகியும் நர்ஸுக்குத்தான் படிச்சிகினு இருக்கா. உன்ன ஏமாத்துவனா?" என்றார். கமிஷன்கூட வேண்டாமாம். தேவகி கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை ஒன்று நெய்து கொடுத்தால் போதுமாம். கந்தசாமி உருகிப் போனார். சாவித்திரி ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரி, என்ன வேலை என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "பிளேன் ஏறும்போது எல்லாம் பம்பாய்ல குடுப்பாங்க." அந்தச் சர்ட்டிபிகேட் இல்லாமல் அவளால் இங்கேயும் வேறு வேலை தேட முடியாது. சோறு இறங்காமல் இளைத்துப் போனாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மணவாளன் புடவைக்கு வந்து நின்றார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். தறியில் உடல் முடிந்து முந்தானை மட்டும் பாக்கி.

"அப்பா, எழுந்திருங்க" என்றாள் சாவித்திரி. பிறகு ஏஜென்ட் பக்கம் திரும்பினாள். "புடவைய இப்படியே அறுத்துத் தர்றோம், எடுத்துகினு போங்க."

"முந்தானை?"

"அத பம்பாய்ல குடுக்கறோம்."

முகூர்த்தப் புடவையைப் பாதியில் நிறுத்தியவர் இல்லை கந்தசாமி. ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தறிக் குழியிலிருந்து ஏறி வந்துவிட்டார்.

"கல்யாண நேரத்துல இன்னாம்மா பேஜார் பண்ற?"

"ஆஸ்பத்திரி பேரு, என் வேலை, சம்பளம் எல்லாம் எழுதின காயிதம் குடுங்க. முந்தானை ஜல்தியா முடிஞ்சிடும்."

மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரின்னு இல்லம்மா. வயசானவர் ஒருத்தரப் பாத்துக்கணும். கூட வீட்டு வேலை கொஞ்சம். வீடுதான், ஆனா ஆஸ்பத்திரி மாதிரி பெரிய வீடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

மறுநாளே சர்ட்டிபிகேட்டும் பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தன. கந்தசாமி ஜரிகையில் ஒரு இழை குறைக்காமல் முந்தானையை நெய்து முடித்தார். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு, பாவம்" என்றார்.

அப்புறம் சாவித்திரி அரசாங்கத்தின் மூலமாகவே போனாள். ஒப்பந்தத்தை மதராஸிலேயே வரிவரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். பாஸ்போர்ட் கடைசி வரை அவள் பெட்டியிலேயே இருந்தது. நாலு வருஷம் நல்லபடியாக வேலை செய்து, உடம்பும் மனசும் தேறித் திரும்பினாள். பிறகு போளூர், சேத்துப்பட்டுப் பெண்கள் வெளிநாடு போகுமுன் அவளிடம் காகிதத்தைக் காட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். "பாஸ்போர்ட் யார் கைல இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்பாள்.

எண்பத்தெட்டில் ஒரு நாள் மணவாளன் வந்தார். சென்ட் வாசனை இல்லை. பின்னால் தேவகி.

"இவ மஸ்கட் போவணுங்கறா சிஸ்டர். நீங்க படிச்சுப் பாத்து சரின்னாதான் அனுப்புவேன்."

"உங்களுக்குத் தெரியாத ஏஜென்ட்டா?" என்றாள் சாவித்திரி.

"எல்லாரையும் தெரியும், அதான் பயமா இருக்கு. என் பொண்ணாச்சேம்மா."

சாவித்திரி தேவகியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, காகிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.