சத்தமில்லாமல் ஓடிய பாட்டு

கண்ணாடிக் கடையில் பார்வையைச் சோதிப்பது அவர் வேலை. வருகிறவரை இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாயிருக்கா, முன்னாடி போட்டது நல்லாயிருந்ததா?" என்று நாள் முழுக்கக் கேட்பார். வீட்டில் அவர் பெயர் வித்துவான். மனைவி வைத்தது, மரியாதைக்காக வைத்ததல்ல.

வித்துவான் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டு செய்திருந்தார். வரியும் அவரே, மெட்டும் அவரே. எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள், குளிர்கோட்டுகளுக்கு நடுவே தலையை விட்டுப் பாடிப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் பாட்டு ஏற்றக்கூடிய, கேட்கும் கணக்குக்குக் காசு தரும் ஓர் இணையதளத்தில் ஏற்றினார். ஆறு மாதத்தில் பதினோரு தடவை கேட்கப்பட்டது. அதில் ஒன்பது, சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அவரே பார்த்தது.

பிறகு திடீரென்று நாளுக்கு ஐயாயிரம். வித்துவானுக்குத் தலைகால் புரியவில்லை. இலவசமாகக் கொடுப்பானேன் என்று குளியலறையில் முணுமுணுப்பதைக்கூட நிறுத்திக்கொண்டார். கடையில் சாப்பாட்டு நேரத்தில் உரையாற்ற ஆரம்பித்தார்.

"பெரிய பாடகருக்குத் தட்டு நிறையக் குடுக்கறாங்க. நம்மள மாதிரி சின்னக் கலைஞனுக்குத் தட்டைக் கழுவின தண்ணி. அநியாயம்ங்க."

"நம்மள மாதிரியா? நான் ஃப்ரேம்தான் சார் மாட்டுறேன்," என்றார் கூட வேலை செய்யும் தமிழ்ப் பெண்.

மூன்றாவது வாரம் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்தப் பாட்டை மனிதர்கள் கேட்பதாகத் தெரியவில்லை. வருமானம் எல்லோருக்கும் பங்கிடப்படுவதால் இத்தகைய மோசடி மற்றச் சிறு கலைஞர்களுக்கு அநியாயம். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் பாட்டு நீக்கப்படும்.

மோசடி என்ற சொல்லைப் பார்த்ததும் வித்துவான் முதலில் செய்தது, தன் குடியிருப்பு அட்டை எப்போது காலாவதியாகிறது என்று எடுத்துப் பார்த்ததுதான். வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்து பதினாறு வருடம் ஆகியும், நூலகத்திலிருந்து கடிதம் வந்தால்கூட அவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். அட்டைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே கோபம் வந்தது. இருக்கிற ஒரே பாட்டையும் பிடுங்கப் பார்க்கிறார்களே. நான்கு பக்கம் எழுதினார். தமிழில் யோசித்த திட்டெல்லாம் அந்த நாட்டு மொழியில் இறங்கியதும் மன்னிப்புக் கடிதம் போலாகிவிட்டது.

ஆறுதலுக்கு, ஊரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அக்காவை வீடியோவில் அழைத்தார்.

"அக்கா, என் பாட்டை ஆளுங்க கேக்கலையாம். மெஷின் கேக்குதாம்."

"எவன் சொன்னான்? நம்ம கடையில நாப்பது போன் கேக்குது. பேட்டரி நிக்குதான்னு பாக்க நாள் முழுக்க ஏதாவது ஓடணும்ல? என் தம்பி பாட்டு ஓடட்டுமேன்னு போட்டு விட்டேன்."

அக்கா கேமராவைத் திருப்பினார். மேசை மேல் வரிசையாக நாற்பது செல்போன்கள். நாற்பதிலும் வித்துவானின் படம், கன்னத்தில் கைவைத்தபடி.

"சத்தமே வரலையே."

"மியூட்ல இருக்குடா. பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வந்துட்டாரு."

"நீ முழுசா கேட்டியாக்கா?"

"ஆரம்பம் கேட்டேன். அதுக்குள்ள கஸ்டமர் வந்துட்டாங்க."

"ஆறு மாசமாவா கஸ்டமரு?"

"வியாபாரம் அப்படிடா."

எவனோ ஒருவனும் எங்கோ ஓர் அலமாரிக்குள் தலையை விட்டுப் பாடியிருப்பான். அவனுக்குப் போக வேண்டிய கழுவின தண்ணீரில்தான் இந்த நாற்பதும் வாய் வைத்திருக்கின்றன. வித்துவானுக்குத் தன் சாப்பாட்டு நேர உரைகள் வரிசையாக ஞாபகம் வந்தன. எதையும் பாதியில் நிறுத்தியதாக நினைவில்லை.

"எல்லாத்தையும் நிறுத்திடுக்கா."

"அப்ப பேட்டரிக்கு? பெரிய பாடகர் யாரையாவது போடவா?"

"ஐயோ வேண்டாம். அவங்க தட்டு ஏற்கெனவே வழியுது. டார்ச்சை எரிய விடு."

நான்கு பக்கத்தையும் அழித்துவிட்டு நான்கு வரி எழுதினார்: கேட்டது மனிதர்கள் இல்லை என்பது உண்மை. என் அக்கா கடைக்குப் பழுதுபார்க்க வந்த செல்போன்கள். பாசத்தில் செய்துவிட்டார், நிறுத்தச் சொல்லிவிட்டேன். பாட்டை மட்டும் விட்டுவையுங்கள்.

விட்டுவைத்தார்கள். மெஷின் கேட்டதையெல்லாம் கழித்ததில் எண்ணிக்கை பழையபடி பதினொன்றுக்கு இறங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது பன்னிரண்டு. அந்த ஒன்று அவர் கேட்டதல்ல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அழைத்தார்.

"கடையைச் சாத்திட்டு முழுசா கேட்டேன்டா. ரெண்டாவது சரணத்துல உனக்கு மூச்சு வாங்குதே, எங்க உக்காந்து பாடின?"

"அலமாரிக்குள்ள."

"அதான்."

வித்துவான் வேலைப் பழக்கத்தில் கேட்டுவிட்டார். "இப்ப நல்லாயிருக்கா, முன்னாடி நல்லாயிருந்ததா?"

அக்கா நேர்மையாக யோசித்தார்.

"முன்னாடிதான்டா. மியூட்ல."