முதுகுப் பக்கத்துச் சூரியன்

மகள் நேற்று போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயில், அதற்குப் பின்னால் கடல், கடலுக்குள் பாதி முழுகின செக்கச் சிவந்த சூரியன். 'சாயந்தரம் எடுத்தேம்மா, எப்டி இருக்குது?' என்று கீழே எழுதியிருந்தாள். நம் கரையில் சாயங்காலச் சூரியன் கடல் பக்கம் ஏது? ஊர்ப் பக்கம், நம் முதுகுக்குப் பின்னால் அல்லவா இறங்கும்? போனிலேயே வானத்தை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறதாம். 'நல்லா இருக்குது' என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். எதையும் திருத்துவதற்கு இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது.

படுத்தால் தூக்கம் வரவில்லை, ஹைப்போ வாசனை வந்தது. பிலிம் கழுவுகிற மருந்து. காடி மாதிரி மூக்கில் ஏறும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வாசனையில் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஆறே மாதத்தில், அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது. கோயில் மலையடிவாரத்தில் எங்கள் ஸ்டூடியோ. கிருத்திகை வந்தால் மொட்டை போட்டுச் சந்தனம் பூசின பிள்ளைகள் வாசல்வரை வரிசையில் நின்று அழும். அவர் படம் எடுப்பார், நான் கிலுகிலுப்பை ஆட்டுவேன். அதில் நான் கெட்டிக்காரி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அச்சாகி வந்த படங்களைப் பார்த்தால் பாதியில் என் கையும் இருக்கும்.

அவர் என் தாய்மாமன் மகன். சிறு வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்டுப் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு 'வாங்க, போங்க' என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊரில் ஒரு காலண்டர் ஏஜெண்ட் இருந்தார். பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை ஜவுளிக் கடைகளுக்கெல்லாம் அவர்தான் அச்சடித்துத் தருவார். ஒரு நாள் வந்து உட்கார்ந்து, "இந்த ஜனங்க மலைய தெனமும் பாத்துகினேதான் கீறாங்க. அவங்களுக்குக் கடல காட்டுங்க. கோட்டை, கோயிலு, லைட் ஹவுஸ், எல்லாம் பொழுது சாயறப்போ எடுத்தது. ஆறு படம் வேணும்" என்றார். அதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை. "நானும் வரேன்" என்றேன். கேமரா ஸ்டாண்டைத் தூக்க ஆள் வேண்டுமே என்று பாவாவும் சரி என்றார்.

கடை மூடுகிற நாளில் விடியற்காலை ரயிலேறி, சென்னையில் இறங்கி, அங்கிருந்து பஸ். மகாபலிபுரம் போனோம், சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குப் போனோம். கடல்தான் படத்தில் அழகாக விழும் என்று நான் நினைத்திருக்க, முதுகுப் பக்கத்திலிருந்து வருகிற மஞ்சள் வெளிச்சம் எதிரே இருக்கிற சுவரில் விழுவதுதான் படம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கால் மணி நேரம்கூட நிற்காது. அதற்காகப் பகல் முழுக்க மணலில் காய்வோம். திரும்பும்போது அவர் எங்காவது இடறுவார். கோட்டை வாசலில் ஒரு தடவை முழங்கால் கிழிந்தது. "தூக்கக் கலக்கம்" என்றார். விடிகாலையில் எழுந்தவர்தானே என்று நானும் நம்பினேன்.

கடைசிப் படம் பழவேற்காடு. ஏஜெண்ட் கறாராகச் சொல்லியிருந்தார்: "வெளக்கு எரியணும், வானமும் செவந்திருக்கணும்." ஏரிக் கரையில் ஸ்டாண்டை நிறுத்தினோம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கலங்கரை விளக்கம். பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. கிழக்கு வானம் இளஞ்சிவப்பாக மாறி, விளக்கு ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றும் வந்தது. அவர் கேமராவில் கண்ணை வைத்தபடி நின்றார். பட்டனை அழுத்தவில்லை.

"வெளக்கு ஏத்திட்டாங்களா?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. கேமராவிலிருந்து நிமிர்ந்த அவர் பார்வை கலங்கரை விளக்கத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் வானத்தில் இருந்தது.

"கொஞ்சம் நவுரு பாவா, நான் பாக்கறேன்" என்றேன். அவர் நகரவில்லை. இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வானத்தின் சிவப்பு வடிந்துகொண்டே வந்தது. பிறகு ஓரடி விலகினார்.

கேமராவுக்குள் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதில் உடைந்து தெரிகிற கோடு ஒன்றாகச் சேர்ந்தால் படம் துல்லியமாக வரும். விளக்கத்தின் விளிம்பைச் சேர்த்தேன். லென்ஸ் வளையத்தை அவர் சொன்ன எண்ணுக்குத் திருகினேன். விளக்கு நம் பக்கம் திரும்புவதை நான் சொல்ல, அவர் கையை நீட்டி பட்டனைத் தேடி அழுத்தினார். நான்கு தடவை.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?" என்று கேட்டார்.

"இப்பத்தான்."

"எனக்கு ரெண்டு வருசமா" என்றார். "வெளிச்சத்துல ஒண்ணும் இல்ல. பொழுது சாஞ்சாத்தான் எல்லாம் போயிடுது. சொன்னா நீ கடைய மூடச் சொல்லுவியோன்னு பயந்துகினு இருந்தேன்."

இருட்டறையில் அவரோடு எத்தனை மணி நேரம் நின்றிருக்கிறேன்! அங்கே அவர் கை தானாகப் போய்த் தட்டை எடுக்கும், அளவு பார்க்கும். இருட்டுக்குப் பழகினவர் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். என்ன மனைவியோ நான்!

பஸ்ஸுக்குத் திரும்பும்போது தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. கடைசியில் மடக்கின ஸ்டாண்டின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு நடந்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இன்னாங்க, புது ஜோடியா?" என்று சிரித்தாள். "ஆங்" என்று அவர்தான் பதில் சொன்னார்.

அந்தப் படம் காலண்டரில் வந்தது. அம்மையார்குப்பத்தில் ஒரு வீட்டில் தறிக்கு மேலே அது தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமல் முழுக் கதையும் கேட்டார். கண்ணைக் காட்டப் போனபோது சென்னை டாக்டர், இது பரம்பரையாக வருவது, முதலில் இரவு போகும், அப்புறம் பக்கவாட்டில் போகும், மீதி மெல்லப் போகும் என்றார். மகளுக்கும் பார்த்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவர் அழுதார்.

அதன் பிறகும் ஏழெட்டு வருடம் கரைகளுக்குப் போனோம். நான் குறி பார்ப்பேன், அவர் அழுத்துவார். ஏஜெண்டுக்குக் கடைசிவரை தெரியாது.

ஏஜெண்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். பிலிம் விற்ற கடை இல்லை. கிருத்திகைக்கு வருகிறவர்கள் தாங்களே போனில் எடுத்துக்கொள்கிறார்கள். இருட்டறையில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறது. தாளை நான் அடுக்குகிறேன், அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மேற்குப் பார்த்த கடை. எல்லாம் போன பிறகும் வெளிச்சம் மட்டும் அவருக்கு மிச்சம் இருந்தது. சாயங்கால வெயில் நேராக அடித்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை நெற்றிக்குக் கொண்டுபோவார். அதைத் தினமும் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு நாள் வெயில் முழுசாக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கண்ணைச் சுருக்கவில்லை.

"மூஞ்சில சூடா கீது. மணி அஞ்சு இருக்குமா?" என்றார்.

"ஆங், அஞ்சுதான்" என்றேன்.