சீனிச்சாமியின் ஜீப்புக்கு அடியில்

அனுமந்தன்பட்டிச் சீனிச்சாமி யாரையும் கெட்டவன் என்று சொன்னதில்லை. நல்லவன் என்று நம்பியதும் இல்லை. நெல் வாங்கினால் மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்ப்பார். மாடு வாங்கினால், விற்கிறவனுடைய ஊருக்கே போய், அது ஏன் விலைக்கு வந்தது என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் கயிற்றைப் பிடிப்பார். இதற்காக அவர் குரலை உயர்த்தியது கிடையாது. முகத்தில் ஒரு சிரிப்புகூட இருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் மற்றவர்களால் பொறுக்க முடியவில்லை.

விவசாயத்தோடு, குமுளிக்கு மேலே இருந்த ஏலக்காய்த் தோட்டங்களுக்கு அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு போகிற தொழிலும் அவருக்கு இருந்தது. மாட்டுவண்டி குமுளி வரைக்கும் போகும்; அதற்கு மேல் தலைச்சுமைதான். யுத்தம் முடிந்த மறு வருஷம், பட்டாளத்து வண்டிகளை மதுரையில் ஏலம் விடுகிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்தவர் ராக்கப்பன், தங்கை சந்தனம்மாளின் புருஷன். அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். ஜீப் ஒன்று எடுத்தால் நாலு சக்கரமும் இழுக்கும், தோட்டத்து வாசல் வரைக்கும் போய்விடலாம் என்றார்.

ஏலத்துக்குப் போன இடத்தில் சீனிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு இரும்புப் பெட்டிகள். முன்னால் இருப்பது கியர்பாக்ஸ், பின்னால் இருப்பது டிரான்ஸ்பர் பெட்டி, அதுதான் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் என்று ராக்கப்பன் குனிந்து சொன்னார். பின்பெட்டியின் வயிற்றில், கல்லில் இடித்தது போலப் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது. சீனிச்சாமி அதை விரலால் தடவி மனதில் வைத்துக்கொண்டார். வண்டியை எடுத்தார்கள். ராக்கப்பன் ஓட்ட, மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டாகத் தொழில் நடந்தது.

கோடை முடிகிற சமயத்தில் கிளச் தேய்ந்துபோயிற்று. அல்லிநகரத்தில் நல்லகண்ணு என்பவரின் பட்டறையில் வண்டியைக் கழற்றிப் போட்டார்கள். சீனிச்சாமிக்கு வயலில் அறுப்பு; கூடப் போக முடியவில்லை. ராக்கப்பன் மட்டும் போய் இருந்து வாங்கிவந்தார்.

பிறகு மழை பிடித்தது. குமுளிக்கு மேலே முதல் சேற்று ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்சக்கரத்தை இழுவையில் சேர்க்கிற லீவரை ராக்கப்பன் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தனவே தவிர, முன்சக்கரங்கள் அசையவில்லை. மூட்டைகளை இறக்கி ஆள் பிடித்துத் தூக்கவேண்டியதாயிற்று. வெயில் காலத்தில் அந்த லீவருக்கு வேலையே வரவில்லை, அதனால் எப்போதிருந்து இப்படி என்று தெரியவில்லை என்றார் ராக்கப்பன். சீனிச்சாமி சரி என்று தலையாட்டினார். ஆனால் அவர் மனம் அல்லிநகரத்துக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்தார். சேறும் கிரீஸும் அப்பிக் கிடந்த பெட்டிகளில் போல்ட் தலைகளை மட்டும் விரலால் துடைத்தார். பின்பெட்டியின் போல்ட்டுகளில் சாவி போல ஒரு இங்கிலீஷ் எழுத்து பொடிசாகப் பதிந்திருந்தது. முன்பெட்டியின் போல்ட்டுகள் எழுத்தில்லாமல் மொட்டையாக இருந்தன. பிறைப் பள்ளம் அதே இடத்தில் இருந்தது. ஆகவே பின்பெட்டி தன்னுடையது. முன்பெட்டி?

பெரியகுளத்தில் மாந்தோப்புக்காரர் ஒருவரிடம் இதே மாதிரி ஜீப் இருந்தது. வேறு சோலியாக வந்தவர் போலப் போய், அதற்கு அடியிலும் புகுந்து பார்த்தார். இரண்டு பெட்டியிலும் எல்லாப் போல்ட்டிலும் அந்த எழுத்து. வரும் வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நல்ல பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஓட்டைப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். தடயம் அழிந்துவிடக்கூடாது என்று, வண்டியின் அடிப்பக்கத்தில் ஒருவரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தார்.

ராக்கப்பனிடம் நேரே கேட்கவில்லை. அல்லிநகரத்தில் சாப்பாடு எங்கே, பட்டறையில் நிழல் உண்டா என்று சுற்றிச் சுற்றி விசாரித்தார். கூடப் பட்டாளத்தில் இருந்த சிநேகிதன் ஒருவனைப் பார்க்கக் கொஞ்ச நேரம் வெளியே போனதாக ராக்கப்பன் வெள்ளையாகச் சொன்னார். சீனிச்சாமிக்கு அது போதும். யார் அந்தச் சிநேகிதன், அவனுக்கு ஜீப் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்த ராக்கப்பன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்னையத் திருடன்னு சொல்றீகளா மச்சான்?”

“நான் எங்க மாப்ள சொன்னேன்? போல்ட்டுல்ல சொல்லுது.”

ராக்கப்பன் எழுந்து கையைக் கழுவினார். பரிமாறிக்கொண்டிருந்த சந்தனம்மாள் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புருஷன் பின்னாலேயே தங்கள் ஊரான கோம்பைக்குப் போய்விட்டாள். சீனிச்சாமியின் மனைவி சோணையம்மாள் மூன்று வேளையும் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று சீனிச்சாமி நல்லகண்ணுவைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். சாட்சிக்குப் பக்கத்து வயல்காரர் அம்மாவாசியை உட்காரவைத்தார். விஷயத்தைக் கேட்ட நல்லகண்ணு கோபப்படவில்லை. யுத்த காலத்தில் இதே ஜீப்பை அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் செய்தன, ஒரு கம்பெனி தன் போல்ட்டில் எழுத்துப் போட்டது, ஒன்றின் சாமான் மற்றதற்குச் சேரும், பட்டாளத்துப் பட்டறையில் எது கிடைத்ததோ அதை மாட்டியிருப்பார்கள் என்றார். கிளச்சுக்காக இரண்டு பெட்டியையும் ஒரே சேர்மானமாகத்தான் இறக்கினாராம்; நடுவில் பிரிக்கவே இல்லையாம். சீனிச்சாமி சிரித்தார். பிரித்தவன் பிரித்தேன் என்றா சொல்வான்?

பிரித்திருந்தால் ஸ்பானர் பட்ட தடம் இருக்கும். அதைத் தானே கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று ஒரு மழுங்கல் கத்தியோடு அடியில் புகுந்தார். கிளச்சுக்காகக் கழற்றிப் பூட்டிய, எஞ்சினை ஒட்டிய போல்ட்டுகளை முதலில் சுரண்டினார். ஸ்பானர் பட்டு முனை தேய்ந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு உற்சாகமாக இருந்தது. இன்னும் பின்னால் நகர்ந்து, இரண்டு பெட்டியும் சேருகிற இடத்தில் கத்தியை வைத்தார். கிரீஸ் பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே பட்டாளத்துப் பச்சைப் பெயின்ட்.

முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்கு, சேர்மான இடுக்கையும் போல்ட் தலைகளையும் மூடிக்கொண்டு ஒரே பூச்சாக அது ஓடியது. எங்கும் ஒரு வெடிப்பில்லை. சுற்றிலும் சுரண்டினார். மறுபக்கம் போய்ச் சுரண்டினார். பிரித்துப் பூட்டியிருந்தால் அந்தப் பெயின்ட் உடையாமல் இருந்திருக்காது. பள்ளம் விழுந்த பின்பெட்டி தன்னுடையது என்றால், அதோடு ஒரே தோலாக ஒட்டியிருக்கும் முன்பெட்டியும் தன்னுடையதுதான்.

அங்கேயே படுத்துக் கிடந்தார். கத்தியால் ஒரு கீறு கீறினால் பெயின்ட் உடைந்துவிடும். வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கத்தி கையில்தான் இருந்தது. என்ன அண்ணே, தடம் கெடச்சுதா என்று அம்மாவாசி கேட்பது காதில் விழுந்தது. கத்தியை முதலில் வெளியே போட்டுவிட்டுத் தவழ்ந்து வந்தார்.

“பிரிக்கல. நடுவுல யாரும் கைவைக்கல. நீங்களே உள்ள போயிப் பாத்துக்கங்க.”

அம்மாவாசி உள்ளே போகவில்லை. நல்லகண்ணு மட்டும் உள்ளே போய்ப் பின்பெட்டியைத் திறந்தார். முன்சக்கரத்துக்கான பல்சக்கரத்தைத் தள்ளுகிற கவையின் ஊசி முறிந்து கிடந்தது. லீவர் ஆடும், கவை ஆடாது. பட்டாளத்திலேயே போயிருக்கும் என்றார். மதுரையிலிருந்து வேறு ஊசி வரவழைத்துப் போட்டதும் முன்சக்கரம் இழுத்தது.

சீனிச்சாமி கோம்பைக்குப் போனார். பச்சைப் பெயின்டைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். ராக்கப்பன் முழுவதையும் கேட்டார்.

“அந்தப் பெயின்ட் மட்டும் இல்லேன்னா நான் திருடன்தான?”

இல்லை மாப்ள என்று சொல்ல வாயைத் திறந்தார் சீனிச்சாமி. அது பொய் என்று எதிரே நிற்கிறவருக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவந்தார்.

ராக்கப்பன் அதன்பிறகு அந்த ஜீப்பைத் தொடவில்லை. கம்பத்தில் ஒரு பஸ் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தார். சீனிச்சாமி அந்த வயதுக்கு மேல் ஓட்டப் பழகி, வேலியிலும் வாய்க்காலிலும் இறக்கி, கடைசியில் தோட்டம் வரைக்கும் தானே போய்வந்தார். இன்னொருவனை வைத்து ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை. சந்தனம்மாள் விசேஷங்களுக்கு வந்தாள். கூட வந்த ராக்கப்பன் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடாமல் கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் குமுளி மலை இறக்கத்தில் ஜீப் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. ஓட்டிவந்தவர் ராக்கப்பன்.

“ஏறுங்க மச்சான்,” என்றார்.

சீனிச்சாமி ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். எதற்காக ஏற்றிக்கொண்டான்? நாலு பேர் பார்க்கட்டும் என்றா? இல்லை, தங்கை சொல்லிவைத்திருக்கிறாளா? கூடலூர் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தார். பிறகு லேசாக முன்னால் சாய்ந்து, சந்தனத்துக்கு மூட்டுவலி தேவலையா என்று கேட்டார். தேவலை என்றார் ராக்கப்பன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.