கோழி கூவிய கச்சேரி

மேடை ஏறும் முன் என் செல்போனில் இருக்கும் சின்ன விமானப் படத்தைத் தொடுவேன். தொட்டுவிட்டால் அழைப்பு எதுவும் வராது. தொடும்போதெல்லாம் எங்கள் பழைய ஆர்கெஸ்ட்ராவை நடத்திப் பாடவும் செய்த ஓனரின் முகம் நினைவுக்கு வந்து எரிச்சலைக் கிளப்பும். நல்லவிதமாக நினைத்துக்கொள்ள அந்த மனிதர் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

வயலின்காரர்களையும் கோரஸ் பாடிய பெண்களையும் நிறுத்திவிட்டு, அவர்கள் வேலையை எல்லாம் டிராக்காகப் பதிந்து தன் போனில் வைத்துக்கொண்டார். போனிலிருந்து போகும் ஒயரில் ஒரு பக்கம் ஸ்பீக்கருக்கு இசை. மறுபக்கம் டிரம்மரான என் காதுக்கு மட்டும் 'டிக் டிக்' என்று தாளக் கணக்கு. அதைப் பிடித்து நான் வாசித்தால்தான் மற்றவர்கள் டிராக்கோடு சேர்ந்து வர முடியும். "அண்ணே, பாட்டுக்குன்னு சிம் இல்லாத போன் ஒண்ணு வைங்க, இல்லாட்டி பிளைட் மோடாவது போடுங்க" என்று கெஞ்சினேன். "புக்கிங் கால் வந்தா யாரு எடுப்பா, ஒங்கப்பனா?" என்றார், எல்லோர் முன்னாலும்.

அவனியாபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டு உச்சத்துக்குப் போன நேரம் அவருக்குக் கால் வந்தது. கோரஸ் அறுந்தது, என் காதில் டிக் நின்றது, மண்டபம் முழுக்கக் கோழி கூவியது. அதுதான் அவருடைய ரிங்டோன். கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார், பாடகி திகைத்து நின்றாள். நான் மட்டும் தாளத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளோ கூசாமல் மைக்கைப் பிடித்து, "டிரம்மர் தெரியாம எலக்ட்ரானிக் டிரம் பேடுல கோழிச் சத்தத்த அமுக்கிட்டாரு, கோவிச்சுக்காதீங்க" என்றார்.

மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து நான் கோழி டிரம்மர். கொட்டாம்பட்டித் திருவிழாவில்கூடக் கூட்டத்திலிருந்து கூவினார்கள். எத்தனை வருட வாசிப்பு, ஒரு பொய்யில் போயிற்று. வேறு குழுக்கள் என்னைக் கூப்பிடத் தயங்கின. வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

இப்போது எனக்கென்று ஒரு குழு இருக்கிறது. டிராக்குக்குச் சிம் இல்லாத போன் இரண்டு; ஒன்று நின்றால் மற்றது. அவர் குழு கலைந்துவிட்டது. ஒரு பாட்டாவது பாட வாய்ப்புக் கேட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

போன வாரம் சோழவந்தானில் மேடைக்குப் பின்னால் நின்றபோது என் போனில் கோழி கூவியது. அவர் எண்ணுக்கு மட்டும் அந்தச் சத்தத்தைத்தான் வைத்திருக்கிறேன். "எடுக்கலையாண்ணே?" என்றாள் எங்கள் பாடகி.

"புக்கிங் கால் இல்லம்மா" என்றேன். கோழி பாதி கூவிக்கொண்டிருக்கும்போதே விமானப் படத்தைத் தொட்டுவிட்டு மேடை ஏறினேன்.