விரல் நீளச் செம்புக் கம்பி

சுனில்டாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கை நீளும், பிறகுதான் வாய் திறக்கும். கடலோர ஊரான நாகுவாவின் மீன் சந்தையில் அவளுடைய அப்பன் மீன் வெட்டுகிறவன். வெட்டாத நேரத்தில் பிள்ளைகளை அடிக்கிறவன். பதினைந்து வயதில் ஒருநாள் அவள் திருப்பி அடித்தாள். அதோடு அந்த வீட்டில் அடியும் நின்றது, சோறும் நின்றது. கட்டிக்கொண்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொமினோ ஆட்டத்தில் தோற்ற கடுப்பில் இடுப்பு பெல்ட்டை உருவினான். ரம் பாட்டில் அவன் மண்டையில் உடைந்தது. ஏழு தையல். இதில் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த ஏழு தையலைக் கேள்விப்பட்டுத்தான் மின் கம்பெனிக்காரர்கள் அவளுக்கு வேலையே கொடுத்தார்கள். நெல் ஆலைகளுக்கு மீட்டர் சோதிக்கப் போக வேண்டிய ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆலைக்குள் போகும் கேபிள் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். அதில் ஓடுகிற முந்நூறு, நானூறு ஆம்பியரை எந்த மீட்டராலும் நேராகத் தாங்க முடியாது. அதனால் கேபிளை ஒரு வளையத்துக்குள் நுழைத்துவிடுவார்கள். கேபிள் அந்த வளையத்தோடு எங்கும் ஒட்டுவதில்லை; உள்ளே புகுந்து வெளியே போகிறது, அவ்வளவுதான். வளையத்தின் இரும்பின் மேல் மெல்லிய கம்பி எண்பது சுற்று சுற்றியிருக்கும். கேபிளில் எண்பது ஆம்பியர் ஓடினால் இந்தக் கம்பியில் ஒன்று ஓடும். மீட்டர் அந்த ஒன்றைக் கணக்கெடுக்கும், பில் போடுகிறவர் எண்பதால் பெருக்கிக்கொள்வார். தொழிலில் அதற்கு சி.டி., அதாவது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், என்று பெயர். சுனில்டா வளையம் என்றுதான் சொல்வாள்.

அதில் திருடுவது சுலபம். வளையத்திலிருந்து மீட்டருக்குப் போகும் இரண்டு திருகுகளுக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியைப் பாலமாக வைத்தால் போதும். கரண்ட் மீட்டர் வரை போகாமல் பாதியிலேயே திரும்பிவிடும். வெறுங்கையால் வைக்கலாம், ஒன்றும் செய்யாது. வளையத்துக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, அதைத் திறந்துவிடுவது. கேபிளில் ஓட்டம் இருக்கும்போது அந்த மெல்லிய கம்பியை அறுத்துவிட்டால், போக வழி இல்லாத வளையம் ஆயிரக்கணக்கான வோல்ட்டை அறுந்த முனையில் கொண்டுவந்து நிறுத்தும். எது குறுக்கே கிடைக்கிறதோ அதன் வழியாகப் பாயும். ஆள் கிடைத்தால் ஆள்.

போன வருஷம், ஊரே ‘தோன்’, அதாவது ஐயா, என்று கூப்பிடும் முதலாளி புலென்சியோவின் ஆலையில், எரிபெர்த்தோ என்ற கூட்டாளியோடு போய் அப்படியொரு பாலத்தை அவள் பிடித்தாள். ஆலை ஆட்கள் எரிபெர்த்தோவின் முகத்தில் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். இடது கண் போயிற்று. செம்புத் துண்டைப் பிடுங்கி உமி அடுப்பில் எறிந்தார்கள். போனில் எடுத்த படத்தைப் பார்த்த நீதிபதி, இது எந்த ஆலை என்று யார் கண்டது, பொருளைக் கொண்டுவாருங்கள் என்றார். பொருள் இல்லை, அதனால் வழக்கும் இல்லை. தோன் புலென்சியோ கோர்ட் வாசலுக்கு வந்து எல்லோருக்கும் பீர் வாங்கினார். எரிபெர்த்தோவிடமும் ஒன்றை நீட்டினார், அந்த மனுஷர். சுனில்டா அதைப் பிடுங்கி அவர் முகத்திலேயே ஊற்றினாள். அதற்காகக் கம்பெனியில் அவளை மூன்று மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். அந்த மூன்று மாதமும் அவள் மனதில் ஓடியது ஒன்றுதான்: அடுத்த முறை துண்டுக் கம்பி அந்த ஆலையை விட்டுத் தன்னோடு வெளியே வர வேண்டும்.

இந்த ஆகஸ்ட் அறுவடையில் அதே ஆலைக்கு மறுபடி போனாள். கூட வந்தவன் நிகானோர், அவள் மகனுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் அவளைக் கொமாத்ரே என்று கூப்பிடுகிறவன். காவலுக்கு அனுப்பிய சிப்பாய் சாலையோரத்தில் ஜீப்பிலேயே உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான். ஆலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுனில்டா கரண்ட் அளக்கும் இடுக்கியான டாங் டெஸ்டரைக் கேபிளில் மாட்டினாள், முந்நூற்று இருபது ஆம்பியர். மெல்லிய கம்பியில் நான்கு ஓட வேண்டும். மீட்டருக்குள் போனதோ அரை ஆம்பியர்.

"கொமாத்ரே, மூணரை ஆம்பியர் எங்க போச்சு?" என்றான் நிகானோர்.

"தோன் தொப்பைக்குள்ள."

கறுப்பு டேப்பை உரித்ததும் பாலம் தெரிந்தது, விரல் நீளச் செம்புக் கம்பி. திருகைத் தளர்த்தி அதை எடுத்தாள். மீட்டர் உடனே முழு எண்ணில் ஓடத் தொடங்கியது. அவள் கம்பியைப் பூட்ஸுக்குள், காலுறைக்கும் கணுக்காலுக்கும் நடுவே செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் எலிஹியோ வந்தான். ஆலையின் எலெக்ட்ரீஷியன், சுனில்டாவுக்கு அடுத்த தெருக்காரன். அவன் மனைவி மிகெலினா பொரித்து விற்கும் வாழைக்காய் வறுவலை வாரத்துக்கு இரண்டு முறையாவது வாங்கித் தின்பவள் சுனில்டா. அவன் கையில் நீள வெட்டுக்கத்தி, பின்னால் இரண்டு மூட்டைக்காரர்கள். பேச்சே இல்லை. ஒருவன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து நிகானோரின் தாடையில் இறக்கினான். பல்லோடு ரத்தம் தெறித்து, நிகானோர் மடிந்து விழுந்தான். விழுந்தவனின் விலாவில் இரண்டு உதை. இன்னொருவன் கருவிப் பையைத் தூக்கி வாய்க்காலில் வீசினான்.

"சுனில்டா, எடுத்ததைக் கொடுத்துட்டுப் போயிடு. தெருக்காரியாச்சேன்னு வாயால பேசறேன்" என்றான் எலிஹியோ.

"எதை?"

"அந்தத் துண்டை."

"உமிக் குவியல்ல எறிஞ்சுட்டேன். போய்ப் பொறுக்கு."

உமிக் குவியல் இரண்டு மாடி உயரம். எலிஹியோ கத்தியின் தட்டைப் பக்கத்தால் அவள் காதோடு ஒன்று விட்டான். காது மடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் ஒழுகியது. அவள் அவனுடைய தொடைக்கு நடுவே முழங்காலை ஏற்றினாள். மூட்டைக்காரன் ஒருவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், இரண்டு முறை. எலிஹியோ குனிந்து மூச்சு வாங்கிவிட்டு நிமிர்ந்தான்.

"சரி, துண்டு வேணாம். மீட்டரையே பிடுங்கிட்டா எதைக் காட்டுவே?"

"பிடுங்காதே. மில்லு ஓடிட்டிருக்கு. நிறுத்திட்டுப் பிடுங்கு."

"உள்ள நெல்லு காயுது. நிறுத்தினா தோன் என் தோலை உரிச்சிடுவார்."

"அப்ப குறுக்கால ஒரு கம்பி போட்டுட்டுப் பிடுங்கு. சும்மா உருவினேன்னா செத்துப்போவே."

எலிஹியோவுக்குச் சிரிப்பு வந்தது. "மூணு வருஷமா இந்தத் திருகை வெறுங்கையால தொட்டுட்டிருக்கேன்டி. ஒரு நாள் கூடக் கடிச்சதில்லை. ஊரு முழுக்க மண்டையோட்டுப் பலகை மாட்டி வெச்சிருக்கீங்க, எரியாத விளக்குக் கம்பத்துலகூட. உங்க பேச்சை எவன் நம்புவான்?"

"மூணு வருஷமா நீ மூடினே. ஒரு நாளும் திறந்ததில்லை. நீயும் எலெக்ட்ரீஷியன்தானே, யோசிச்சுப் பாரு."

அவள் குரலில் கோபம் இல்லை என்பதே அவனை நிறுத்தியது. எலிஹியோ திருகுகளைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான். அவனுடைய பட்டறை ஆலையின் மறுகோடியில். சுனில்டாவின் பை வாய்க்காலில். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துண்டுக் கம்பி கிடையாது.

"சரி," என்றான், கொஞ்சம் இறங்கி. "அந்தத் துண்டு உங்கிட்ட இருந்தா கொடு. போட்டுட்டுப் பிடுங்கறேன்."

செம்பு அவள் கணுக்கால் எலும்பில் குத்திக்கொண்டிருந்தது. கொடுத்தால் இவன் பிழைப்பான். மீட்டர் போகும், துண்டும் போகும், தோன் புலென்சியோ மறுபடி பீர் வாங்கிக் கொடுப்பார். தரையில் நிகானோர் உடைந்த இன்னொரு பல்லை விழுங்கிவிட்டு இருமிக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட இல்லை" என்றாள்.

"நிஜமா?"

"இல்லைன்னு சொல்றேன்ல."

சாலைப் பக்கம் ஜீப்பின் ஹார்ன் கேட்டது. "சிப்பாய் வரான்" என்று மூட்டைக்காரன் கத்தினான். எலிஹியோ கத்தியைக் கீழே போட்டான், இடது கையை இரும்புப் பெட்டியில் ஊன்றி, வலது கையால் மீட்டர் கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினான்.

தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் அலறவில்லை, அலற முடியவில்லை. பிடித்த கை பிடித்தபடி இறுகிக்கொண்டது, உதடு பல்லுக்கு மேலே ஏறிவிட்டது, விரல்களுக்கு நடுவே நீல நெருப்பு எரிந்தது. முடியைப் பிடித்திருந்தவன் அவளை விட்டுவிட்டு ஓடினான். சுனில்டா நெல் கிளறும் மரப்பலகையைத் தூக்கி எலிஹியோவின் முன்கையில் ஓங்கி அடித்தாள். முதல் அடியில் எலும்பு முறிந்தது, கை விடவில்லை. இரண்டாவது அடியிலும் விடவில்லை. மூன்றாவது அடியில் பிய்ந்து விழுந்தான். மேலே வளையம் வெடித்து, அதற்குள் ஊற்றியிருந்த தார் உருகி அவன் சட்டை மேல் சொட்டியது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எலிஹியோ போய்விட்டான். முறிந்த கை வழி நெடுக அவள் மடியில் கிடந்தது.

அன்று மாலை போலீஸ் கேட்டபோது துண்டை உமியில் எறிந்துவிட்டதாகவே சொன்னாள். மூட்டைக்காரர்கள் இருவரும் தங்கள் காதால் கேட்டது அதுதான். சொன்ன பொய்யோடு ஒத்துப்போவது சுலபமாக இருந்தது. எலிஹியோ தன் கவனக்குறைவால் செத்தான் என்று எழுதினார்கள். திருட்டு என்று ஒன்று நடக்கவே இல்லை, நிகானோர் ஏணியிலிருந்து விழுந்தவன் என்று தோன் புலென்சியோவின் வக்கீல் எழுதிக் கொடுத்தார். துண்டை வெளியே எடுத்தால் திருட்டு வழக்கு நிலைக்கும். ஆனால் அது எங்கே இருந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். ஆறு வாரம் சுனில்டா அதைப் பூட்ஸை விட்டு எடுக்கவில்லை. வீட்டில் இரண்டு கதவை உடைத்தாள், மகனை ஒருமுறை காரணமில்லாமல் அறைந்தாள், பிறகு அவனுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள்.

விசாரணை நாளன்று நிகானோர் தாடை கம்பியால் கட்டப்பட்டு, ஸ்ட்ராவில் கஞ்சி உறிஞ்சியபடி முன்வரிசையில் இருந்தான். சுனில்டா சாட்சிக் கூண்டில் குனிந்து பூட்ஸை அவிழ்த்தாள். துண்டை மேசை மேல் வைத்தாள். இரண்டு முனையிலும் திருகு பதிந்த தடம், ஆலை மீட்டர் பெட்டியின் திருகோடு ஒத்துப்போயிற்று.

"இது எப்போதிருந்து உங்களிடம் இருக்கிறது?" என்றார் நீதிபதி.

நிகானோர் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவனால் பேச முடியாது.

"எலிஹியோ கேட்டதுக்கு முன்னாடியிருந்தே" என்றாள் சுனில்டா. "ரெண்டு தடவை கேட்டான். ரெண்டு தடவையும் இல்லைன்னேன்."

தோன் புலென்சியோவை விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். சுனில்டா மேல் தனி வழக்குப் போடச் சொல்லி நீதிபதி எழுதினார். கூட்டம் கலைந்த பிறகும் மிகெலினா மட்டும் கறுப்பு உடையில் குமாஸ்தாவின் மேசை அருகே நின்றாள். அங்கே பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் துண்டு கிடந்தது. சுனில்டா பக்கத்தில் போய் நின்றாள், அடிக்கட்டும் என்று. மிகெலினா அடிக்கவில்லை. உறையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த மாதிரி எங்க வீட்டு அலமாரில ஒரு டப்பா நிறையக் கிடக்கு, சுனில்டா" என்றாள். "யாரையாவது அனுப்பியிருந்தா ஒண்ணை எடுத்துட்டு ஓடி வந்திருப்பேனே."