லண்டன் விமானமும் ஏஜெண்ட் முத்திருளனும்

டவுன்ஹால் ரோட்டில் விமான டிக்கெட் விற்ற முத்திருளனிடம் நான் மூன்று வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவரைவிட அற்பமான மனிதரை அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மெட்ராஸிலிருந்து கொழும்புக்குச் சின்ன விமானம் விட்டுக்கொண்டிருந்த மலிவுக் கம்பெனி ஒன்று, எண்பத்தொன்றில் பெரிய விமானம் வாங்கி லண்டனுக்கும் விட்டது. தானே ஓட்டப்போவதுபோல் இவர் மதுரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு திரிந்தார்.

டிக்கெட் மலிவு, ஆனால் சாப்பாட்டுக்குத் தனியாக வெளிநாட்டுப் பணம் கேட்பார்கள். கம்பெனி அனுப்பிய தாளை நான் படித்துக் காட்டினேன்.

“அதச் சொன்னா எவன்யா வருவான்?” என்றார்.

மகள் பிரசவத்துக்குப் புறப்பட்ட சோழவந்தான் சோணையம்மாளிடம், “வெறுங்கையோட ஏறுங்க ஆத்தா. இலை போடாத குறையாக் கவனிப்பாக” என்று சொன்னார்.

முதல் பயணத்தில் ஏஜெண்டுக்கு ஓசி சீட்டு. அந்தம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போனார். பிறகு அவர் மகளிடமிருந்து ஆபீஸ் பேருக்கு வந்த கடிதத்தை நான்தான் பிரித்தேன். ‘எங்கம்மா லண்டன் வரை தண்ணீரைக் குடித்தே வந்தார். உங்கள் முதலாளி போர்வைக்குள் ஒளித்து பிஸ்கட் தின்றார்’ என்று எழுதியிருந்தாள்.

அவரிடம் நீட்டினேன். “பட்டிக்காட்டு ஆளுகள ஏத்துனா இப்பிடித்தான்” என்று கசக்கிப் போட்டார்.

அன்றைக்கே பேரையூர்க்காரர் ஒருவரிடம் விமான விருந்தை வர்ணித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அங்க சோறு கெடையாதுண்ணே, கட்டிக்கிட்டுப் போங்க” என்றேன்.

அத்தோடு என் வேலை போனது. இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனியும் மூழ்கியது. முத்திருளன் வேறொரு கம்பெனியின் போர்டை மாட்டிக்கொண்டு, பழைய கம்பெனியைத் திருட்டுக் கம்பெனி என்று திட்டிக்கொண்டிருந்தார்.