பட்டை படாத தோள்

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவனை எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி. காற்றடிக்கும் நாளில் அவனைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்தத் தோன்றும். ஆனால் ஃபிரிட்ஜைத் தனியாக முதுகில் ஏற்றி மாடி மாடியாக இறக்குகிறவன் அங்கே அவன் ஒருவன்தான். இறக்கி வைத்ததும் மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள். இவன் திரும்ப ஏறிப்போய், படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைத் தடவிப் பார்ப்பான். எந்த வீட்டுச் சுவரிலும் அவன் கீறல் விட்டதில்லை. இதை அவனாகச் சொல்லிக்கொள்ள மாட்டான். யாராவது சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டான்.

அந்தத் தொழிலுக்கு முதுகெலும்பு ஒரு பட்டை. காரில் போடும் பெல்ட்டைப் போல அகலமான துணி. இடது தோளில் மாட்டினால் முதுகுக்குக் குறுக்கே இறங்கி, சாமானின் அடியில் போய்ச் சேரும். ஆகவே அங்கே எல்லோருக்கும் இடது தோள் வலிக்கும். அதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை. வலிக்கவில்லை என்றால்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள், இவன் நேற்று வேலை செய்தானா என்று.

இன்னொரு வழக்கமும் உண்டு. லாரியில் டிரைவரோடு சேர்த்து மூன்று பேருக்கும் ஒரே தண்ணீர் பாட்டில். ஓடுகிற லாரியில் அண்ணாந்து குடித்தால் பாதி மூக்குக்குள் போகும் என்பதால் வாய் வைத்துத்தான் குடிப்பார்கள். குடிப்பதற்கு முன் பாட்டிலின் வாயைத் துடைப்பது பெரிய அவமரியாதை. புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை துடைத்துவிட்டார். அன்றைக்கே அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கூட்டத்திலேயே விவரமான ஆள் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

எறும்புக்கு முதலில் வந்தது காய்ச்சல் இல்லை, அசதி. ஒரு பீரோவை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனவன், அதன்மேல் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். லிஃப்ட் மேலேயும் கீழேயும் போய்வந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ பார்த்துவிட்டுப் பீரோ மட்டும் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. எச்சில் விழுங்கினால் தொண்டையில் மணலைக் கொட்டித் தேய்ப்பதுபோல் இருந்தது. கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. கண் இமை வீங்கி, எப்போது பார்த்தாலும் அப்போதுதான் எழுந்தவன் மாதிரி இருந்தான். அவன் மனைவி ஒரு கம்பெனியில் போனில் வரும் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்கிற வேலையில் இருந்தாள். வீட்டிலும் அந்தக் குரல் அவளை விட்டுப் போகாது.

"இந்தப் பிரச்சினை எப்போலேருந்து இருக்கு?" என்று கேட்டாள்.

"போன வாரத்துலேருந்து."

"முன்னாடி இதுக்கு ஏதாவது முயற்சி பண்ணீங்களா?"

பண்ணியிருந்தான். அவளுடைய அண்ணனும் அதே லாரியில்தான் வேலை பார்த்தான். பல் பிடுங்கியபோது வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை அவன் வீட்டில் பாதி அட்டை மீந்திருந்தது. "பல்லும் தொண்டையும் ஒரே வாய்தானே மாப்ளே" என்று மச்சான் கொடுத்த மருத்துவ விளக்கம் எறும்புக்குத் திருப்தியாக இருந்தது. விழுங்கிவிட்டான். சில நாளில் மார்பிலிருந்து முழங்கால் வரை செக்கச்செவேலென்று தடிப்பு. பழைய கம்பளம் சுமந்ததில் வந்தது என்று மச்சான் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான். மனைவி கேட்கவில்லை, டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா தொண்டையில் வெளிச்சம் அடித்தார், கழுத்தைத் தடவினார், படுக்கவைத்து இடது விலா எலும்புக்குக் கீழே மெதுவாக அழுத்தினார். பிறகு தடிப்பைப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை போட்டீங்க?" என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் சொன்னார்: "மோனோநியூக்ளியோசிஸ். வைரஸ்ல வர்றது. நீங்க போட்ட மாத்திரை இதை ஒண்ணும் பண்ணாது. இந்தக் காய்ச்சல் இருக்கும்போது அதைப் போட்டா இப்படித் தடிக்கும், அவ்வளவுதான். ஓய்வுதான் மருந்து."

"எப்படி மேடம் வந்துது?" என்றாள் மனைவி.

"எச்சில் வழியாப் பரவும். முத்தக் காய்ச்சல்னுகூடச் சொல்வாங்க."

மனைவி மெதுவாகத் திரும்பி எறும்பைப் பார்த்தாள்.

டாக்டரம்மா அதைக் கவனிக்காமல் தொடர்ந்தார். "முக்கியமான விஷயம். உங்க மண்ணீரல் வீங்கியிருக்கு. இடது விலாவுக்குப் பின்னால பத்திரமா இருக்கவேண்டியது, இப்போ கீழே எட்டிப் பாக்குது. அடி பட்டாலோ அழுத்தம் கொடுத்தாலோ கிழியும், உள்ளே ரத்தம் போகும். காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. நான் பாத்துச் சொல்றவரைக்கும் எதையும் தூக்கக் கூடாது. இடது வயித்துல திடீர்னு வலி, இடது தோள்ல வலி, தலை சுத்தல், இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மூச்சு விடச் சிரமப்பட்டாலும், கண்ணு மஞ்சளானாலும் அப்படித்தான்."

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி, "யாருன்னு கேக்க மாட்டேன். எப்போலேருந்துன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

எறும்பு நெடுநேரம் யோசித்தான். "உங்கண்ணன்" என்றான்.

"என்னது?"

"இல்லன்னா டிரைவரா இருக்கும். அவருக்குத்தான் போன மாசம் தொண்டை கட்டியிருந்துது." பாட்டில் கதை முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.

காய்ச்சல் விட்டது, தொண்டை திறந்தது, தடிப்பு அடங்கியது. வீட்டில் படுத்துப் படுத்து அவனுக்கு உடம்பு வலித்தது. வேலைக்குப் போகிறேன், தூக்க மாட்டேன், உட்கார்ந்து வழி மட்டும் சொல்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனான். சொன்னபடியே நடந்தான். மூன்றாம் வாரம் வரை ஒரு நாற்காலியைக்கூடத் தூக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான் என்பதுதான் இதில் வேடிக்கை. அந்தத் தொழிலில் தூக்குவது வேறு, தாங்குவது வேறு. மெத்தையை யாரும் தூக்குவதாகவே கணக்கில்லை. அது படிக்கட்டில் தானாக வழுக்கி வரும். திருப்பத்தில் ஒருவன் இடுப்பையும் விலாவையும் கொடுத்து நிறுத்துவான்.

அன்று ஒரு நாலாம் மாடி வீடு. பெரிய மெத்தை ஒன்று கைநழுவிச் சுவரை நோக்கி வந்தது. எறும்புக்குக் கண்ணில் பட்டது சுவர். இடது பக்கத்தைக் கொடுத்து நிறுத்தினான். சுவரில் கீறல் இல்லை. தடவிப் பார்த்துவிட்டு, மேலே ஏறிப்போய் வீட்டுக்காரர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

"என்ன மாப்ளே?"

"ஒண்ணுமில்ல மச்சான். தோளு. பட்டை வலி."

மச்சான் சிரித்தான். "பட்டையா? மூணு வாரமா பட்டை லாரியில தொங்கிட்டிருக்கு. நீ நாக்கால வேலை பாக்குற. நாக்கு வலிக்குதுன்னா நம்புவேன்."

எறும்பும் சிரிக்கப் பார்த்தான். பாதியில் நின்றுவிட்டது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மச்சான் தான் சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்தான். பிறகு தங்கைக்குப் போன் செய்தான்.

"எந்தத் தோள்?" என்றாள் அவள்.

"இடது."

"ஏதாவது தூக்கினாரா?"

"தூக்கல. மெத்தையை நிறுத்தினாரு."

"தலை சுத்துதா கேளு."

கேட்கவேண்டியிருக்கவில்லை. எறும்பு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தான்; மச்சான் அதைச் சொன்னான். "அண்ணே, முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மண்ணீரல்னு சொல்லு. தண்ணிகூடக் கொடுக்காதே. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றாள். அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. போனை வைத்தபிறகு எப்படி இருந்தது என்பதைப் அவள் ஆபீஸின் பக்கத்து இருக்கைக்காரிதான் சொல்லவேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தது. படிக்கட்டு குறுகல்; ஸ்ட்ரெச்சர் முதல் திருப்பத்திலேயே முட்டி நின்றது. லிஃப்ட் கிடையாது. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் மச்சான் எறும்பு உட்கார்ந்திருந்த நாற்காலியின் கீழே பட்டையை விட்டு, அவனைக் கம்பளியால் சுற்றி, இடது தோளில் மாட்டியிருந்தான்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"இதேதான். நீங்க வயித்துல எதுவும் படாமப் பாத்துக்குங்க, போதும்."

முன்னால் லாரி டிரைவர், பின்னால் மச்சான், பக்கத்தில் ஆம்புலன்ஸ்காரர். நடுவில் எறும்பு, கண்ணை மூடிக்கொண்டு.

"திருப்பத்துல பின்னாடி ஆள் குனியணும், மச்சான்."

"சாமான் பேசக் கூடாது."

அதன்பிறகு சாமான் பேசவில்லை. அதுதான் மச்சானைப் பயமுறுத்தியது. கடைசி மாடியை அவன் அவசரமாக இறங்கினான்.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலில் கிழிசல், உள்ளே ரத்தம் தேங்கியிருந்தது. ரத்தம் ஏற்றி, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டார்கள். கசிவு தானாக நின்றது. அறுத்து எடுக்கவேண்டிய தேவை வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேச்சே வேறு என்றார் அங்கிருந்த டாக்டர். மனைவி கட்டில் ஓரம் உட்கார்ந்து, வேறு ஏதாவது புகார் உண்டா என்று கேட்டாள். எறும்பு இல்லை என்றான். அப்போதுதான் அழுதாள்.

லாரியில் இப்போது மூன்று பாட்டில்கள் தொங்குகின்றன. மாறிப் போகாமலிருக்க மூடியில் பெயிண்ட் வைத்திருக்கிறார்கள். எறும்பினுடையது வெள்ளை. அந்தப் பெயிண்ட் வேறு வேலைக்கு வாங்கியது.

சில மாதம் கழித்து, தூக்கலாம் என்று டாக்டரம்மா அனுமதித்ததும், மச்சானையும் இழுத்துக்கொண்டு, கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு அவன் முதலில் போனது அந்த நாலாம் மாடி வீடு இருந்த கட்டடத்துக்கு. படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பமாகத் தடவிக்கொண்டே இறங்கினான். கடைசித் திருப்பத்தில், நாற்காலிக் கால் உரசிய நீளமான கீறல் இருந்தது.

"மச்சான், யாரு பின்னாடி பிடிச்சது?"

"நான்தான். அதுக்கென்ன?"

எறும்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்தான்.